குறுக்கே வந்தது யார்?

“நான் நேராத்தாங்க வந்தேன். அவர்தான் குறுக்கே வந்துட்டார்.”

நாற்சந்தியில் ஒரு வண்டியின் முகப்பு இன்னொரு வண்டியின் பக்கவாட்டில் இடித்து நின்றதும் முதலில் காதில் விழுவது இதுதான். எதிரில் நிற்பவரும் இதையேதான் சொல்வார். இரண்டு பேரும் பொய் சொல்வதில்லை. அவரவர் தெருவில் அவரவர் நேராகத்தான் வந்தார்கள். பின்னால் வந்து இடித்த விபத்தில், பின்னால் வந்தவரைத்தான் முதலில் கேட்பார்கள். நேருக்கு நேர் மோதியதில் யார் கோட்டைத் தாண்டினார் என்று பார்க்கலாம். பக்கவாட்டு மோதலில் அப்படி எடுத்த எடுப்பில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. அதனால் யார் குரல் பெரிதோ, யார் வண்டி சிறிதோ, யார் முதலில் ஸ்டேஷன் வாசலை மிதித்தாரோ, அவர் பக்கம் கதை சாய்ந்துவிடுகிறது. அப்படிச் சாய்ந்த கதைதான் எஃப்.ஐ.ஆராகி, குற்றப்பத்திரிகையாகி, சில வருடங்கள் கழித்து உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றத்தின் விபத்துத் தீர்ப்பாயத்தில் ஒரு குடும்பத்தின் இழப்பீட்டைத் தீர்மானிக்கிறது.

தென் சென்னையின் தெரு அமைப்பு இந்தக் குழப்பத்துக்கு நன்றாக இடம் கொடுக்கிறது. அடையாறில் காந்தி நகர், கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், அதைத் தாண்டினால் பெசன்ட் நகர். தெருவும் தெருவும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டே போகும். அகலத்தைப் பார்த்து எது பெரியது, எது சிறியது என்று சொல்ல முடியாது. உட்தெருச் சந்திப்புகளில் சிக்னல் இருக்காது. பல முனைகளில் ‘நில்’ பலகையும் இருக்காது. முனை வரைக்கும் கார்களை நிறுத்தி வைத்திருப்பார்கள். மின்வாரியப் பெட்டி, இஸ்திரி வண்டி, மரம் எல்லாம் சேர்ந்து பார்வையை மறைக்கும். தி.நகரில் பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள நெரிசலுக்குப் பயந்து பசுல்லா சாலை, ஹபிபுல்லா சாலைப் பக்கத்து உட்தெருக்களில் புகுந்து வருபவர்கள் ஏராளம். மயிலாப்பூரிலோ லஸ், மந்தைவெளி, கச்சேரி சாலைப் பக்கம் மெட்ரோ ரயில் வேலைக்காகத் தடுப்புகள் எழும்பி, வழிகள் மாறி, நேற்று போன தெருவில் இன்று போக முடியாத நிலையைப் பல வருடங்களாகப் பார்க்கிறோம். ஒரு மோதலில் யார் மேல் தப்பு என்ற கேள்வி, இந்தத் தெருக்களில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் எப்போது வேண்டுமானாலும் வரக்கூடியது.

வந்தால், அதைச் சட்டம் எப்படித் தீர்க்கிறது?

வலது பக்கம் வருபவருக்கு வழி

‘மெயின் ரோட்டில் வந்தவன் நான், சந்திலிருந்து வந்தவன் அவன்.’ இது பாதி சரி. நாடு முழுவதற்குமான சாலை ஒழுங்குமுறை விதிகள் 1989-லிருந்தே இருக்கின்றன. 2017-ல் அவற்றை எடுத்துவிட்டுப் புதிய ஓட்டுநர் ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தார்கள். முதன்மைச் சாலையில் வருபவருக்குக் கிளைத்தெருவில் இருந்து வருபவர் வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே தரத்துத் தெரு, போலீஸ்காரரும் இல்லை, சிக்னலும் இல்லை என்றால், உங்கள் வலது கைப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு நீங்கள் வழிவிட வேண்டும். முதன்மைச் சாலையோ கிளைத்தெருவோ, சந்திப்பை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டியது இரண்டு பேருக்குமே கடமை. ‘மெயின் ரோட்டில் வந்தேன்’ என்பவர் மறந்துவிடுவது இந்தக் கடைசி வரியை.

வலது பக்கத்துக்கு ஏன் முன்னுரிமை? நாம் சாலையின் இடப்பக்கமாகப் போகிறவர்கள். நீங்கள் ஒரு சந்திப்புக்குள் நுழைகிறீர்கள். வலமிருந்து வருகிற வண்டி அதன் இடப்பக்கத்தை ஒட்டி வரும். அதாவது குறுக்குத்தெருவில் உங்களுக்கு மிக அருகில் இருக்கும் பாதியில் வரும். இடமிருந்து வருகிற வண்டி எட்ட இருக்கும் பாதியில் வரும். சந்திப்புக்குள் நுழைந்ததும் முதலில் முட்டிக்கொள்ளக்கூடியது வலப்பக்கத்து வண்டிதான். அது இடித்தால் நசுங்குவது ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் கதவு.

இப்போது தெருமுனை வாதம் ஒன்று அப்படியே தலைகீழாகிறது. ‘என் கதவைப் பாருங்க, அவன்தான் வந்து இடிச்சிருக்கான், இடிபட்டவன் நான்’ என்பார் ஒருவர். சம தரத் தெருக்களின் சந்திப்பில் வலது கதவு நசுங்கியிருந்தால், மோதியவர் அவருக்கு வலப்பக்கமிருந்து வந்திருக்கிறார் என்று அர்த்தம். வழிவிட வேண்டிய கடமை இடிபட்டவருடையது. இடது கதவு நசுங்கியிருந்தால் நிலைமை மாறும். அவருக்கு வழிவிட வேண்டியவர்தான் வந்து இடித்திருக்கிறார். ஆக, எந்தப் பக்கத்தில் இடி விழுந்தது என்பது ஒரு தொடக்கப் புள்ளி. இதுவே முடிவும் ஆகிவிடாது. வழிவிட வேண்டியவர் எட்டிப் பார்த்தபோது தெரு காலியாக இருந்து, அதற்குப் பிறகு ஒருவர் கண்மண் தெரியாத வேகத்தில் வந்திருந்தால், முன்னுரிமை அவரைக் காப்பாற்றாது.

கால் விநாடிக் கணக்கு

மோதலை விசாரிக்கும் இடத்தில் அடிக்கடி எழும் இன்னொரு வாதம், ‘சந்திப்புக்குள் முதலில் நுழைந்தது நான்தான்’ என்பது. இதற்கும் டின்கர் பட்டறைச் சாட்சி இருக்கிறது. பின்கதவில் இடி விழுந்திருந்தால் வண்டி ஏறக்குறைய கடந்துவிட்டது. முன்சக்கரத்துப் பக்கம் விழுந்திருந்தால் அப்போதுதான் நுழைந்தது. இன்சூரன்ஸ் சர்வேயர்களும் இதைக் கவனிப்பார்கள், வக்கீல்களும் கேட்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். 4 மீட்டர் நீளமுள்ள கார் தன் முழு உடலையும் ஒரு புள்ளியைத் தாண்டிக் கொண்டுபோக கால் விநாடிக்குச் சற்று அதிகம் போதும். முன்சக்கரத்துக்கும் பின்கதவுக்கும் இடையில் ஏறத்தாழ 2 மீட்டர். விநாடியில் ஏழில் ஒரு பங்கு. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவான இந்த வித்தியாசத்தை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்றும் இன்னொருவரை நிரபராதி என்றும் பிரிப்பது எனக்குச் சம்மதமில்லை. அதைவிட முக்கியம், வேகமாக வந்தவர்தான் முதலில் நுழைந்திருப்பார். முதலில் நுழைந்ததையே நியாயமாக எடுத்துக்கொண்டால், வேகத்துக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும்.

கேட்க வேண்டிய கேள்வி மோதலுக்கு முந்தைய இரண்டு மூன்று விநாடிகளைப் பற்றியது. அப்போது யாருக்கு எது தெரிந்தது, எது தெரியாமல் மறைந்திருந்தது, தெரிந்ததற்கு ஏற்ப அவர் என்ன செய்தார்? ஆபத்தைக் கண்டு, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் வந்தால் அதற்குள் 12, 13 மீட்டர் ஓடியிருக்கும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீட்டர். 50-ல் வந்தால் காலை வைப்பதற்குள்ளேயே 21 மீட்டர். நிற்க இன்னும் 14 மீட்டர். முன்னதில் மொத்தம் 18 மீட்டருக்குள் வண்டி நின்றுவிடும். பின்னதற்கு 35 மீட்டர் வேண்டும். தெருமுனையில் ஒரு இன்னோவா நின்று மறைக்கிறது, குறுக்குத்தெருவில் 18 மீட்டர்தான் தெரிகிறது என்றால், 50-ல் வருகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மோதித்தான் ஆக வேண்டும். அவருடைய தவறு பிரேக் பிடிக்காதது அல்ல. 18 மீட்டர் மட்டுமே தெரிகிற இடத்துக்கு அந்த வேகத்தில் வந்ததுதான். 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிகளுக்கும் 30 கிலோமீட்டர் என்று வேக வரம்பை அறிவித்ததற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். இந்திரா நகர் உட்தெருவில் நடந்த ஒரு மோதலில் ‘நாற்பதிலதான் சார் வந்தேன்’ என்று ஒருவர் தன் தரப்புக்குச் சாதகமாகச் சொன்னால், உண்மையில் அது அவருக்கு எதிரான வாக்குமூலம்.

‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’

தமிழ்நாட்டில் சாலை விபத்து எஃப்.ஐ.ஆர். எதை எடுத்தாலும் இந்த இரண்டு சொற்களும் இருக்கும். எவ்வளவு வேகம், எந்த விதத்தில் அஜாக்கிரதை என்று பெரும்பாலும் இருக்காது. அந்த வாசகம் எந்த வண்டி எண்ணுக்கு முன்னால் வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எழுதுகிறவர் அடையாறிலோ வேறு இடத்திலோ உள்ள போக்குவரத்துப் புலனாய்வு அதிகாரி. புகார் சொல்கிறவர் நடக்கும் நிலையில் உள்ளவர். அடிபட்டவர் அப்போது ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலோ தனியார் ஆஸ்பத்திரியிலோ படுத்திருப்பார்.

எஃப்.ஐ.ஆர். என்பது தகவல் மட்டுமே. தானாகவே நிரூபணம் ஆகாது என்பது சட்டத்தில் பால பாடம். ஆனால் தீர்ப்பாயத்தில் அதன் நிழல் நீளமாக விழுகிறது. போலீஸ் விசாரித்து யார் மேல் குற்றப்பத்திரிகை போட்டதோ அவர் மேல்தான் முதல் பார்வைக்குத் தவறு என்று எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. மோட்டார் விபத்து வழக்கில், குற்ற வழக்குப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் பிம்லா தேவி வழக்கில் சொன்னது. பிறகும் பல தீர்ப்புகளில் அதையே உறுதிப்படுத்தியிருக்கிறது. சாட்சியைத் தேடி அலைய முடியாத ஏழைக் குடும்பத்துக்கு இது பெரிய துணை. அந்தத் துணையே வேறொரு குடும்பத்துக்குப் பாரமாகவும் ஆகலாம், முதல் நாள் காகிதம் தப்பாக இருந்தால்.

அதிக வாய்ப்பு எது என்று பார்த்தால் போதும் என்ற இந்தப் பாதையைத் திறந்துவைத்ததில் ஒரு தமிழ்நாட்டு வழக்குக்குப் பங்கு உண்டு. என்.கே.வி. பிரதர்ஸ் என்ற பஸ் நிறுவனத்தின் வண்டி, இருட்டிய பிறகு, தாழ்ந்து தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் உரசியது. 26 பேருக்குப் பாதிப்பு. அவர்களில் 8 பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானார். அதையே காட்டி இழப்பீடும் கிடையாது என்று வாதாடினார்கள். 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. குற்ற வழக்கின் அளவுகோல் வேறு, இழப்பீட்டின் அளவுகோல் வேறு. இங்கே ஒரு சந்தேகம், அங்கே ஒரு தெளிவின்மை என்று சொல்லி ஓட்டுநரும் உரிமையாளரும் தப்பிக்க விடக்கூடாது என்பது அவர் நிலை. இன்றைக்கும் ஒவ்வொரு தீர்ப்பாயத்திலும் அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டப்படுகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கிரிமினல் கோர்ட்டில் ‘ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிட்டுப் போயிடுங்க, ஒரே நாள்ல முடிஞ்சிடும்’ என்ற ஆலோசனையைக் கேட்டு நடப்பவர்கள் உண்டு. அந்த ஒப்புதல் பிறகு இழப்பீட்டு வழக்கில் அவர்களுக்கு எதிராக வைக்கப்படும். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அஜாக்கிரதையாக ஓட்டியதற்கு 281-ஆம் பிரிவு. உயிர் போனால் 106-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறை. அலைச்சல் தாங்காமல் கையெழுத்துப் போடக்கூடிய விஷயம் இல்லை இது.

பங்கு பிரிக்கும் கலை

நம் சட்டத்தில் பழி முழுக்க ஒருவர் தலையில்தான் விழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பங்கு பிரிக்கலாம். 1970-களில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்துக்கு வந்த வித்யா தேவி வழக்கு இதற்கு நல்ல உதாரணம். சாலைச் சந்திப்பில் ஒரு மோட்டார் சைக்கிளும் அரசு பஸ்ஸும் மோதி, மோட்டார் சைக்கிளில் வந்தவர் இறந்துபோனார். அவர் வேகமாக வந்திருக்கிறார். பஸ் ஓட்டுநரும் சந்திப்பில் சரியாகக் கவனிக்கவில்லை. நீதிமன்றம் மூன்றில் இரண்டு பங்கு பழியை இறந்தவர் மேலும், ஒரு பங்கை பஸ் மேலும் வைத்தது. குடும்பத்துக்கு இழப்பீட்டில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. ‘பெரிய வண்டி மேலதான் கேஸ்’ என்று தெருவில் சொல்வதற்குச் சட்டத்தில் ஆதாரமில்லை என்பதற்கும் இது சான்று. பெரிய வண்டிக்காரருக்கு எச்சரிக்கைக் கடமை அதிகம் என்று நீதிமன்றங்கள் பார்ப்பதுண்டு. அதற்காகத் தவறு தானாக அவர் மேல் ஏறிவிடாது.

பங்கு எப்படியெல்லாம் மாறும் என்பதற்குச் சமீபத்திய கோயம்புத்தூர் வழக்கு ஒன்றைப் பாருங்கள். பக்கவாட்டு மோதல் இல்லை என்றாலும், பங்கு பிரிப்பதைப் பற்றி இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு என் கவனத்துக்கு வரவில்லை. 2017 ஜனவரி. மோட்டார் சைக்கிளில் போன ஒரு பொறியியல் மாணவருக்கு முன்னால் சென்ற கார் திடீரென்று நின்றது. ஓட்டியவரின் கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வருவது போல் இருந்ததாம். மாணவர் காரின் பின்புறத்தில் மோதி விழுந்தார். பின்னால் வந்த பஸ் அவர் இடது காலில் ஏறியது. காலை எடுக்க வேண்டியதாயிற்று. தீர்ப்பாயம் காருக்குப் பொறுப்பே இல்லை என்றது. மாணவர் மேல் 20 சதவீதம், பஸ் மேல் 80. சென்னை உயர் நீதிமன்றம் கார் 40, பஸ் 30, மாணவர் 30 என்று மாற்றியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கார் 50, பஸ் 30, மாணவர் 20 என்று முடித்தது. நெடுஞ்சாலையில் சிக்னல் காட்டாமல் நடுவில் நிறுத்தியதுதான் எல்லாவற்றுக்கும் வேர் என்றது. மாணவரும் இடைவெளி விட்டு வந்திருக்க வேண்டும், அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸும் இல்லை என்பதால் அந்த 20. மொத்த இழப்பீடு சுமார் ஒரு கோடியே 14 லட்சம். 20 சதவீதம் கழித்து 91 லட்சத்துக்கு மேல்.

ஒரே விபத்து, ஒரே காகிதக் கட்டு, மூன்று படிகளில் மூன்று விதமான கணக்கு. ஒரு காலை இழந்த இளைஞருக்கு ஒவ்வொரு 10 சதவீதமும் பத்து லட்சத்துக்கு மேல். சரியான விடைக்கு வந்து சேர எட்டரை ஆண்டு ஆனது. நீதிபதிகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சதவீதத்தைத் தீர்மானிக்க அவர்கள் கையில் கிடைக்கிற பொருள் எவ்வளவு மெலிந்தது என்பதுதான் என் கவலை.

எதை வைத்துப் பங்கைக் கூட்டக்கூடாது என்பதில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே இருந்திருக்கிறது. பைக்கில் மூன்று பேர் போனது விதிமீறல்தான். ஆனால் அதனால்தான் விபத்து நடந்தது, அல்லது காயம் கூடியது என்று காட்டாமல் இழப்பீட்டைக் குறைக்கக்கூடாது என்று 2020-ல் முகமது சித்திக் வழக்கில் சொன்னது. லைசென்ஸ் இல்லாததே அஜாக்கிரதை ஆகாது என்று 2008-லும் 2018-லும் சொன்னது. தப்புக்கும் மோதலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதுதான் உரைகல். அதனால்தான் கோவை வழக்கில் லைசென்ஸ் பேச்சும் அந்த 20-க்குள் இடம் பிடித்தது எனக்கு உறுத்துகிறது. இடைவெளி விடாமல் வந்தது நியாயமான காரணம்; அட்டை இல்லாதது எப்படிப் பிரேக்கைத் தடுத்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

வண்டியில் சும்மா உட்கார்ந்து வந்தவர்களுக்கு இந்தச் சண்டையே தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆட்டோவில் பள்ளிக்குப் போகிற பிள்ளை, மகன் ஓட்டுகிற காரில் பின்சீட்டில் இருக்கிற அம்மா – இவர்கள் மேல் எந்தப் பங்கும் கிடையாது. இரண்டு ஓட்டுநர்களும் தவறு செய்திருந்தால், இருவரில் யாரிடமிருந்து வேண்டுமானாலும் முழு இழப்பீட்டையும் கேட்கலாம் என்று 2015-ல் கென்யேய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தங்களுக்குள் யார் எவ்வளவு தருவது என்பது இன்சூரன்ஸ் கம்பெனிகள் பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியது.

வழிவிட்டவர் கை காட்டியது

சென்னையில் பக்கவாட்டு மோதல் என்றால் பெரும்பாலும் மனக்கண்ணில் வர வேண்டியது காரும் பைக்கும்தான். காருக்குக் கதவாவது இருக்கிறது. இரண்டு கார்கள் மோதினாலேயே முன்பக்கத்தில் என்ஜின், பம்பர் என்று நொறுங்கிக் கொடுக்க இடமிருக்கிறது, பக்கவாட்டில் ஒரு தகட்டுக் கதவுதான். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் என்ற கார் பாதுகாப்புத் தர மதிப்பீட்டில், 950 கிலோ எடையுள்ள நகரும் தடுப்பை 50 கிலோமீட்டர் வேகத்தில் காரின் பக்கவாட்டில் மோதவிட்டுச் சோதிக்கிறார்கள். பைக்கில் வருபவருக்கு அந்தத் தகடும் இல்லை. முழங்கால்தான் முதலில் வாங்கும்.

எல்.பி. சாலையிலோ ஜி.என். செட்டி சாலையிலோ தினமும் நடக்கிற ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். எதிர்வரிசையில் வண்டிகள் தேங்கி நிற்கின்றன. வலப்பக்கம் திரும்ப ஒரு கார் காத்திருக்கிறது. எதிரில் நிற்கிற பஸ் ஓட்டுநர் இரக்கப்பட்டு ‘போங்க’ என்று கை காட்டுகிறார். கார் மெல்ல நுழைகிறது. பஸ்ஸின் இடப்பக்கம், நடைபாதை ஓரத்து இடைவெளியில் ஒரு பைக் ஓடி வருகிறது. பஸ் மறைத்ததால் இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. காரின் இடப்பக்கத்தில் பைக் போய் மோதுகிறது.

யார் மேல் தப்பு? பஸ் ஓட்டுநரின் கை, அவர் தன் வண்டியை நகர்த்தமாட்டார் என்பதற்கு மட்டும்தான் உறுதி. பக்கத்தில் வருகிற யாருக்காகவும் அவர் வாக்குக் கொடுக்க முடியாது. எதிர்த்திசைப் போக்குவரத்தை வெட்டித் திரும்புகிறவர், பஸ்ஸின் மூக்கைத் தாண்டும்போது நின்று எட்டிப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் பெரும்பங்கு அவருடையது. தேங்கி நின்ற வரிசையின் ஓரத்தில், முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வேகமாக நுழைந்த பைக்குக்கும் ஒரு பங்கு உண்டு. எவ்வளவு என்பது வேகத்தைப் பொறுத்தது. அந்த வேகம் யாருக்குத் தெரியும்?

வரைபடத்தில் என்ன இருக்கிறது

இங்கேதான் எல்லாம் நிற்கிறது. விபத்து நடந்த இடத்துக்கு அதிகாரி வந்து எழுதுகிற பார்வை மகஜர், கூடவே கையால் வரைகிற மாதிரி வரைபடம். இரண்டு கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக, அதில் ‘எக்ஸ்’ குறி, பக்கத்தில் ஒரு டீக்கடை, ஒரு மின்கம்பம், வடக்கு காட்டும் அம்பு. பல வழக்குகளில் இவ்வளவுதான் இருக்கும். தெருவின் அகலம் எத்தனை மீட்டர், ‘எக்ஸ்’ குறி எந்த ஓரத்திலிருந்து எத்தனை மீட்டர், கண்ணாடித் தூள் எங்கே கொட்டிக் கிடந்தது, டயர் தேய்ந்த தடம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்தது, முனையில் எந்த வண்டி நின்று மறைத்தது – இவை இல்லாவிட்டால் அந்தக் காகிதத்திலிருந்து வேகத்தையோ பார்வையையோ யாராலும் மீட்க முடியாது. மழை பெய்தாலும், மாநகராட்சி கூட்டினாலும் தூளும் தடமும் அன்றே போய்விடும்.

வண்டிகள் கடைசியில் நின்ற இடத்தை மட்டும் வைத்துப் பழி சொல்லவும் முடியாது. பக்கவாட்டில் இடி வாங்கிய வண்டி சுழன்று, வேறு திசையைப் பார்த்து, சில சமயம் எதிர்ப்பக்க ஓரத்தில் போய் நிற்கும். மோதலுக்குப் பிந்தைய நிலையைச் சொல்லும் மகஜர் ஒன்றே ஒருவரின் பங்குத் தவறுக்கு நிரூபணம் ஆகாது என்று 2013-ல் கேரளத்திலிருந்து வந்த ஜிஜு குருவிலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மோட்டார் வாகன ஆய்வாளர் தரும் அறிக்கையில் எந்தத் தகடு எந்தப் பக்கம் மடங்கியது, எந்த வண்டியின் பெயிண்ட் எதில் ஒட்டியது என்று விவரம் இருந்தால் மோதிய கோணம் தெரியவரும். ‘வலப்பக்கம் சேதம், பிரேக் நன்றாக இருந்தது’ என்று ஒரே வரியில் முடித்தால் பாதிக் கதை போய்விடும்.

சட்டம் இப்போது இதைவிட அதிகம் கேட்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை. இடத்தையும் வண்டிகளையும் எல்லாக் கோணத்திலும் படம் எடுக்க வேண்டும். வரைபடம் அளவு விகிதத்தோடு, சாலையின் அகலத்தோடு, வண்டிகள் இருந்த இடத்தோடு வரையப்பட வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை எல்லா மாநிலங்களும் செயல்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. நாடு முழுவதும் விபத்து விவரங்களைக் கைப்பேசிச் செயலி வழியே பதிவதற்கான தரவுத்தளத்தை வடிவமைத்தது சர்தார் படேல் சாலையில் இருக்கும் நம் ஐ.ஐ.டி.தான். முதலில் சோதித்துப் பார்த்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. கருவி நம் ஊரில் செய்தது. 2022-ல் மட்டும் 64,105 விபத்துகள், நாட்டிலேயே அதிகம், 17,884 உயிர்கள் என்று கணக்கு வந்த மாநிலமும் நம்முடையதுதான். ஒரு டேப்பும் இருபது நிமிடமும் செலவழித்து வரைய வேண்டிய படத்தை, வி.ஐ.பி. பந்தோபஸ்துக்கும் சிக்னல் வேலைக்கும் நடுவில் ஓடும் இரண்டு மூன்று பேர் தலையில் கட்டிவிட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் கோர்ட்டில் வாதாடுகிறோம். புலனாய்வுப் பிரிவுக்கு ஆளும் பயிற்சியும் கொடுக்காமல் விதியை மட்டும் திருத்தினால் காகிதம் கூடும், உண்மை கூடாது.

பாதிக்கப்பட்டவர் தரப்பில் செய்யக்கூடியதும் உண்டு. உயிர் காப்பதுதான் முதல் வேலை. தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம். கூட்டிப் போகிறவரை யாரும் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. அவருக்கு 134-ஏ பிரிவின் பாதுகாப்பு இருக்கிறது. மருத்துவமனையில் எழுதப்படும் விபத்துப் பதிவேட்டில் – ஏ.ஆர். காப்பி என்பார்கள் – எப்படி அடிபட்டது என்று சொல்கிற முதல் வரி பின்னால் துருவித் துருவிக் கேட்கப்படும். பதற்றத்தில் ‘வண்டியிலிருந்து விழுந்துட்டார்’ என்று யாராவது சொல்லிவிட்டால், இடித்த வண்டியே காணாமல் போய்விடும்.

அடுத்தது கேமரா. 2017-க்குப் பிறகு காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்று ஊக்குவித்ததில் மயிலாப்பூர், தி.நகர் தெருக்களில் கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு கேமரா வந்துவிட்டது. பதிவு நிரந்தரமில்லை; சில வாரங்களில் பழையதன் மேல் புதியது ஏறிவிடும். அந்த வாரத்துக்குள்ளேயே கடைக்காரரிடம் எழுதிக் கேட்டு, விசாரணை அதிகாரிக்கும் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. பதிவை வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொண்டால் மட்டும் கோர்ட்டில் நிற்காது. பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி, எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்ற சான்றிதழ் அதனுடன் வர வேண்டும். ஒரு நல்ல பதிவு கிடைத்துவிட்டால், தெருவில் தெரிந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் வண்டி எத்தனை விநாடியில் கடந்தது என்று எண்ணி வேகத்தையே கண்டுபிடிக்கலாம். மகஜர் தராத விடை அங்கே கிடைக்கும்.

காயம் எதுவும் இல்லாமல் தகடு மட்டும் நசுங்கிய மோதல்களில் பெரும்பாலோர் கோர்ட் பக்கம் போவதில்லை. அவரவர் பாலிசியில் கிளெய்ம் போட்டு, நோ கிளெய்ம் போனஸை இழந்து, விட்டுவிடுகிறார்கள். அது அவரவர் விருப்பம். காயமோ மரணமோ இருந்தால் விட்டுவிடக்கூடாது. யார் மேல் தவறு என்றே நிரூபிக்கத் தேவையில்லாமல் 164-ஆம் பிரிவில் மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்கலாம். தவறை நிரூபித்து முழு இழப்பீடு கேட்பது 166-ஆம் பிரிவு. நம் ஊரில் எம்.சி.ஓ.பி. என்ற பெயரில் எண் வாங்கும் மனு அது. 2019 திருத்தம் அதற்கு ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. அந்தக் கெடு செல்லுமா என்பது உச்ச நீதிமன்றத்தில் வழக்காகியிருக்கிறது என்றாலும், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

விரிவான விபத்து அறிக்கையின் நகல் பாதிக்கப்பட்டவர் தரப்புக்குக் கிடைக்க வேண்டியது. வாங்கியதும் வரைபடம் இருக்கிற பக்கத்தை முதலில் திருப்புங்கள். நீங்கள் வந்த தெரு சரியான திசையில் இருக்கிறதா, அளவுகள் எழுதப்பட்டிருக்கின்றனவா, முனையில் நின்று மறைத்த வண்டியோ தடுப்போ குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், இடத்துக்குப் போய் நீங்களே அளந்து, படம் எடுத்து, என்ன விடுபட்டிருக்கிறது என்று தேதியிட்டு எழுதி, விசாரணை அதிகாரிக்கும் தீர்ப்பாயத்துக்கும் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.